கபாவின் நீள்மூக்கு முகம்: மொட்டைமாடியில் ஒரு சுவர்த்துண்டு

மெக்சிகோவின் யுகடான் பகுதியில் கபா என்றொரு பழைய ஊர் இருக்கிறது, மாயா மக்கள் கட்டியது. பெரிய ஊரான உஷ்மாலிலிருந்து 18 கிலோமீட்டர். இரண்டு ஊரையும் இணைத்து மேடு கட்டிப் போட்ட கல்பாதை அந்தக் காலத்திலேயே இருந்தது. அங்கே கோட்ஸ் போப் என்ற கட்டடத்தின் மேற்கு முகப்பில் அடி முதல் உச்சி வரை ஒரே முகம் திரும்பத் திரும்ப வருகிறது: உருண்டைக் கண், சுருண்டு நீளும் மூக்கு, பல்வரிசை, இரு பக்கமும் சதுரக் காதணி. மொத்தம் ஏறத்தாழ 250 முகங்கள், இடைவெளியே இல்லாமல். அதில் ஒன்றை, அவர்கள் கட்டிய முறையிலேயே, சின்ன அளவில் கட்டிப் பார்ப்பதுதான் இந்த வேலை.

படத்தில் பார்க்கும்போது ஒரு பெரிய கல்லில் செதுக்கியதுபோல் தெரியும். அப்படி இல்லை. ஒவ்வொரு முகமும் சுமார் 30 தனித்தனிக் கற்கள். கண்ணுக்கு ஒரு கல், புருவத்துக்கு ஒரு கல், காதணிக்குச் சில கற்கள் என்று முன்கூட்டியே செதுக்கித் தயாராக வைத்துக்கொண்டு, சுவர் ஏற ஏறப் பொருத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். கி.பி. 750 முதல் 950 வரை அந்த வட்டாரத்தில் ஓங்கி நின்ற பாணி இது. அங்குள்ள குன்றுகளின் பெயரால் பூக் பாணி என்கிறார்கள். உஷ்மால், சாயில், லப்னா எல்லாமே இந்தக் குடும்பம்தான். உஷ்மாலின் ஆளுநர் மாளிகை ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். அதன் கீழ்ப்பாதி வழவழவென்று வெறுமையாக இருக்கும். மேல்பாதியில்தான் பின்னல் கட்டங்களும், படிபோல் மடிந்து சதுரமாகச் சுருளும் படிச்சுருள்களும், நூற்றுக்கும் மேற்பட்ட முகங்களும். எனக்கு அந்த மாளிகைதான் அழகில் ஒரு படி மேல். ஆனால் கட்டிப் பழக கபா முகமே தோது, ஏனென்றால் அங்கே முகத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இந்தச் சுவர்களின் உள்கட்டு தெரியாமல் வேலையில் இறங்க முடியாது. நடுவில் இருப்பது சுண்ணாம்புக் கலவையும் உடைகல்லும் சேர்ந்து இறுகிய கனமான கட்டு. சுவரைத் தாங்குவது அதுதான். வெளியே தெரியும் செதுக்குக்கற்கள் அதன் மேல் போர்த்திய தோல். பாரத்தைப் பெரிதாகச் சுமப்பதில்லை. அதனால்தான் பாழடைந்த பூக் கட்டடங்களில் செதுக்குக்கல் எல்லாம் கீழே கொட்டிக் கிடக்க, உள்கட்டு மட்டும் மொட்டையாக நிற்பதைப் பார்க்கலாம். வாசலுக்கு மேலே போட்ட மர உத்தரம் உளுத்துப் போனதும் அதன் மேலிருந்த முகப்பு சரிந்துவிடும். உத்தரத்துக்குப் பயன்படுத்தியது நாம் பழம் தின்கிற அதே சப்போட்டா மரம். சப்போட்டாவின் சொந்த ஊரே அந்தப் பக்கம்தான். 1841-42இல் அங்கே சுற்றிய ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கர் கபாவிலிருந்து செதுக்கு வேலை உள்ள ஓர் உத்தரத்தைக் கழற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார். 1842இல் அங்கே நடந்த தீ விபத்தில் அது எரிந்து போயிற்று. ஆயிரம் வருடம் காட்டில் மழைக்குத் தாங்கிய மரம்!

சரி, வேலைக்கு வருவோம்.

முகத்தின் அளவை ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம் என்று வைத்துக்கொண்டேன். நேர் எதிரே நின்று எடுத்த படங்களை மட்டும் பொறுக்கி, கட்டம் போட்ட தாளில் வரைந்து, கல் கல்லாகப் பிரித்தேன். இதுவே பாதி வேலை. படத்தில் எது இணைப்புக் கோடு, எது செதுக்கிய கோடு என்று தெரியாமல் கண் தடுமாறும். ஒரே முகப்பில் பக்கத்துப் பக்கத்து முகங்களை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்: செதுக்கிய கோடு எல்லா முகத்திலும் ஒரே இடத்தில் வரும்; இணைப்புக் கோடு முகத்துக்கு முகம் கொஞ்சம் நகரும். இப்படிப் பிரித்தபோது கீழிருந்து மேலே ஐந்து வரிசை வந்தது. அடியில் வாயும் பல்லும், வாய் ஓரத்தில் வெளியே சுருளும் கோரைப்பல், அதற்கு மேல் கன்னமும் மூக்கின் அடியும், பிறகு கண், பிறகு புருவம், உச்சியில் பூப்போட்ட நெற்றிப்பட்டை. காதணிகள் இரண்டு பக்கமும் தனிச் சதுரங்கள், மேலும் கீழும் ஒரு சுருள். கீழ்த்தாடை கிடையாது.

கல்லுக்கு என்ன செய்வது? அங்கே சுண்ணாம்புக்கல், வெட்டி எடுத்த புதிதில் மெதுவாக இருக்கும், காற்றுப்பட நாளாக நாளாக இறுகும். இரும்பு உளியே இல்லாமல், தீத்தட்டிக்கல் போன்ற கடினக்கல் கருவிகளை வைத்தே செதுக்கியதற்கு அந்த மெதுத்தன்மையும் ஒரு காரணம். என் கைக்கு எட்டியது ஏஏசி பிளாக். இப்போது எல்லாக் கட்டட வேலையிலும் செங்கல்லுக்குப் பதிலாக வைக்கிறார்களே, அந்த நுரைக்கல். இரண்டடி நீளம், எட்டங்குல உயரம், நாலங்குலக் கனம். வெகு லேசு. பழைய ரம்பத்தாலேயே அறுக்கலாம். வட்டம் போட அட்டை மாதிரி, தோண்ட அரை அங்குல உளி, உருட்ட மர அரம், அவ்வளவுதான். தூசு மட்டும் தாங்காது. முகக்கவசம் இல்லாமல் அறுக்கவே கூடாது. சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கண்ணும் காதணியும் எல்லா முகத்துக்கும் ஒரே அளவு என்பதால், அவர்கள் ஒரு மாதிரியைப் பார்த்து வரிசையாகச் செதுக்கித் தள்ளியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இரண்டு கண்தான் என்றாலும் ஒரே அட்டையை வைத்து நாலு கண் அறுத்தேன். நாலும் கொஞ்சம் கொஞ்சம் வேறுதான்! ஒன்றில் கருமணி துருத்துகிறது, இன்னொன்றில் வளையம் தடிமன். கபா படங்களிலும் இதே கதை. தூரத்தில் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் கண்களை உருப்பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு கை தெரிகிறது.

கற்களின் பின்பக்கம் ஒரு நுணுக்கம். பூக் கட்டடங்களின் போர்வைக்கற்கள் முன்பக்கம் சரியான சதுரமாகவும் பின்னால் போகப் போகக் குறுகியும் இருக்கும். இதில் இரண்டு லாபம். முன்விளிம்பு மட்டும் ஒட்டினால் போதும் என்பதால் இணைப்பு மயிரிழையாக வரும்; பின்னால் இரண்டு கல்லுக்கும் நடுவே விழும் ஆப்பு வடிவ இடைவெளியில் கலவை புகுந்து இறுக்கிக்கொள்ளும். நானும் ஒவ்வொரு துண்டின் பின்பக்கத்தையும் அரை அங்குலம் சரித்து அறுத்தேன். சதுரமாகவே விட்ட இரண்டு கற்களை வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் உடனே தெரிந்தது: பின்மூலையில் ஒரு மணல் பருக்கை சிக்கினாலும் முன்னால் கல் வாயைப் பிளக்கிறது.

மூக்குதான் இந்த வேலையின் உயிர். சுவரிலிருந்து ஒன்பது அங்குலம் வெளியே வந்து நுனியில் சுருள வேண்டும். அதே அளவு சுவருக்குள்ளும் போக வேண்டும். இந்த உள்பகுதியைத் தச்சர்கள் சொல்கிறபடி கழுந்து என்றே வைத்துக்கொள்ளலாம். பிளாக்கின் நீளவாக்கில் பதினெட்டு அங்குலத் துண்டு எடுத்து, பாதியைக் கழுந்துக்கு விட்டு, மீதியில் சுருளை வரைந்து அறுத்தேன். நுரைக்கல் நொறுங்கும் என்பதால் படத்தில் உள்ளதைவிட மூக்கைத் தடிமனாக வைக்க வேண்டி வந்தது. கபாவில் முழு மூக்கோடு இருக்கும் முகங்கள் கொஞ்சம்தான். மீதியெல்லாம் சுவரோடு சுவராக ஒடிந்தவை. சுவர்க் கோட்டில்தான் மொத்த பாரமும் வளைக்கிறது, அங்கேதான் உடையும். உள்ளே ஓர் அறை வாசலில், இதே மூக்கைச் சுருட்டித் தரையில் வைத்துப் படியாக்கியிருக்கிறார்கள். மிதித்து ஏறத்தான்.

அடுத்து சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி நானே நீற்றினேன். தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்புத் தொட்டியே நல்லது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீற்றியதைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்துவிட்டால் நாள் ஆக ஆக வெண்ணெயாகும். மாயாக்காரர்கள் பச்சை விறகை வட்டமாக உயர அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்புக்கல் துண்டுகளைக் கொட்டி, திறந்த வெளியிலேயே சுட்டார்கள். 800 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். எவ்வளவு விறகு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹோண்டுராஸில் உள்ள கோபானில் 6ஆம் நூற்றாண்டு ரோசலீலா கோயில் முழுக்கக் கனமான சுதை வேலை. 8ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் சுதை குறைந்து, துண்டுக்கல் சிற்பம் வந்துவிடுகிறது. விறகுத் தட்டுப்பாடு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஒரு வாளிச் சுண்ணாம்பு நீற்றிக் கை வலித்த பிறகு அந்தக் கருத்தை நான் சுலபமாக நம்புகிறேன்.

மணலுக்கு அவர்கள் சஸ்காப் என்ற வெள்ளை மண்ணைத் தோண்டி எடுத்தார்கள். உதிர்ந்து போன சுண்ணாம்புக்கல் அது. நான் பொடித்த சுண்ணாம்புக்கல் வாங்கி, சுண்ணாம்பு ஒன்றுக்குப் பொடி இரண்டு என்று கலந்தேன். உள்கட்டுக்கு மட்டும் கொஞ்சம் ஆற்று மணலும் உடைந்த செங்கல் ஜல்லியும்.

கட்டுவதற்கு மொட்டைமாடியில், தளத்தைத் தாங்கும் உத்திரத்துக்கு நேர் மேலே இடம் பார்த்து, மூன்று பக்கம் பலகை அடைத்து, முன்பக்கத்தைத் திறந்து விட்டேன். முறை இதுதான்: ஒரு வரிசைக் கல்லை நனைத்து வைக்க வேண்டும். தூக்குக்குண்டும் ரசமட்டமும் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னால் கல்சில்லு செருகி அசையாமல் நிறுத்த வேண்டும். அப்புறம் கலவையும் ஜல்லியுமாக உள்ளே நிரப்பி, குச்சியால் குத்தி இறுக்க வேண்டும். அது இழுத்துக்கொண்ட பிறகுதான் அடுத்த வரிசை. நுரைக்கல்லை நன்றாக நனைக்காமல் வைத்தால் கலவையின் ஈரத்தை ஒரே நிமிடத்தில் உறிஞ்சிவிடும். கலவை மாவாகக் கையோடு வரும். தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து வைப்பதே சரி.

வாயும் பல்லும் சீக்கிரம் முடிந்தன. மூக்கு வரிசையில் வேலை நின்றது. பாதி வெளியே, பாதி உள்ளே; சுருள் பக்கம் கனம் அதிகம்; கலவை ஈரமாக இருக்கும்போது கையை எடுத்தால் முன்னால் கவிழ்கிறது. எதிர்வீட்டுக்குப் பூச்சு வேலைக்கு வந்திருந்த வயதான கொத்தனார் மாடியிலிருந்து கவனித்துக்கொண்டே இருந்தார்.

“தம்பி, சவுக்குக் கட்டை ஒண்ணு முட்டுக் குடுங்க. மேல பாரம் ஏறினா அது தானா நிக்கும்.”

“எவ்வளவு பாரம்ணே?”

“வெளிய நீட்டினதவிட உள்ள அமுக்குறது கூட இருக்கணும். அவ்ளோதான்.”

கோட்ஸ் போப்பின் முகப்பை இந்த ஒரு வரியை வைத்தே படிக்கலாம். கழுந்தைப் பிடித்து வைத்திருப்பது கலவையின் ஒட்டுதல் இல்லை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணும் புருவமும் நெற்றிப்பட்டையும், அதற்கும் மேலே இன்னொரு முகமும்தான். ஒரு முகத்தின் மூக்கை அடுத்த வரிசை முகம் அமுக்கிப் பிடிக்கிறது. அப்படியானால் உச்சி வரிசை முகங்களுக்கு அமுக்க ஆள் யார்? மேலே பட்டைக்கல் வரிசையும் கூரையின் கனமும் வேண்டும். மேல்கட்டு விழுந்த இடங்களில் மூக்குகள் முதலில் போவதற்கு இதுவே போதும்.

முட்டுக் கட்டையோடு கண் வரிசையையும் புருவத்தையும் ஏற்றினேன். கழுந்துக்கு மேலே நேராக நல்ல கனமான கருங்கல் ஜல்லியாகப் போட்டேன். நுரைக்கல் லேசு என்பதால் என் சுவருக்கு இந்த ஈடு தேவைப்பட்டது. நெற்றிப்பட்டை இறுகியதும் முட்டுக் கட்டையை எடுத்தோம். கொத்தனார்தான் எடுத்தார், எனக்குக் கை வரவில்லை. மூக்கு அசையவில்லை.

சுவரைச் சரியான செங்குத்தாக நிறுத்தாமல் உச்சியில் துளி முன்னால் தள்ளியே கட்டினேன். உஷ்மாலின் பெரிய முகப்புகளில் இந்தச் சாய்வு இருக்கிறது. ஒன்றரை அடி உயரத்தில் இதற்குப் பெரிய அர்த்தம் இல்லைதான். இருந்தாலும் புருவத்தின் நிழல் கண்ணின் மேல் இன்னும் கொஞ்சம் விழுகிறது.

மேல்பூச்சு. இன்று நாம் பார்க்கும் வெறும் கல் நிறம் இந்த முகப்புகளின் நிறம் இல்லை. மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பூசி, வர்ணமும் அடித்திருந்தார்கள். சிவப்பின் மிச்சம் அங்கங்கே இன்னும் தெரிகிறது. துண்டுகளின் இணைப்பெல்லாம் அந்தப் பூச்சுக்குள் மறைந்து போயிருக்கும். பூச்சில் மரப்பட்டைச் சாறு கலப்பதும் அங்குள்ள வழக்கம். 2023இல் ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோபான் பூச்சுகளில் தாவரப் பொருள் கலந்திருப்பதைக் கண்டு, சுக்கூம், ஹியோத்தே என்ற இரண்டு மரங்களின் பட்டைச் சாற்றைச் சேர்த்து மாதிரிப் பூச்சும் செய்து பார்த்தார்கள். கிளிஞ்சலிலும் முத்துச்சிப்பியிலும் நடப்பதுபோல, தாவரச் சாறு சுண்ணாம்புப் படிகங்களுக்குள் புகுந்து, பூச்சு சுலபத்தில் விரிசல் விடாமலும் தண்ணீரில் கரையாமலும் பார்த்துக்கொள்கிறது என்பது அவர்கள் கண்டது.

சுக்கூம் மரத்துக்கு எங்கே போவது? ஆனால் அதன் உறவுக்காரர் நம் வேலியிலேயே நிற்கிறார். கொடுக்காய்ப்புளி. அதுவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த மரம்தான். தாவரவியலார் ஒரு காலத்தில் சுக்கூமையும் இதே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். பட்டையில் துவர்ப்பு அதிகம், தோல் பதனிடக்கூடப் பயன்பட்டது. வெட்டிப் போட்ட கிளையிலிருந்து பட்டை உரித்து, இடித்து, கொதிக்க வைத்து, ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டினேன். கருஞ்சிவப்பாக இறங்கியது. ஒரே சுண்ணாம்பில் ஒரு பங்கை வெறும் தண்ணீரிலும் இன்னொரு பங்கை இந்தச் சாற்றிலும் குழைத்து, மீந்த பிளாக் துண்டுகளில் பூசி நிழலில் வைத்தேன். வெறும் தண்ணீர்ப் பூச்சில் நூல் நூலாக வெடிப்பு வந்தது. சாறு சேர்த்ததில் ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும். தண்ணீர்த் துளி விட்டால் கொஞ்ச நேரம் முத்தாக நின்று அப்புறம்தான் உள்ளே போகிறது. நிறம் மட்டும் வெள்ளையாக இல்லை, லேசான இளஞ்சிவப்பு. இது வீட்டுச் சோதனைதான். சுக்கூம் செய்வதையெல்லாம் கொடுக்காய்ப்புளியும் செய்யும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. முகத்துக்குச் சாறு சேர்த்ததையே பூசினேன்.

பூச்சு மிக மெல்லிசாக, இரண்டு தடவையாக. கரண்டி உள்ளே போகாத இடங்களுக்கு விரலும் பழைய தூரிகையும். கண்ணைச் சுற்றியுள்ள பள்ளத்தில் பூச்சு தேங்கினால் நிழல் செத்துவிடும், அங்கே வழித்து எடுக்க வேண்டும். ஈரம் காயும் முன் செங்காவியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்துப் பட்டையாக அடித்தேன். பூச்சு இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மாயா நீலம் என் கைக்கு அப்பாற்பட்டது. அவுரி நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்த நிறம் அது. களிமண் கிடைக்காமல் வெறும் அவுரியைப் பூசினால் வெயிலில் வெளுத்துவிடும். விட்டுவிட்டேன்.

இது யாருடைய முகம் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். மழைத் தெய்வம் சாக் என்பதுதான் வழக்கமான பதில். பூக் குன்றுகளில் ஆறு கிடையாது, நிலத்தடி நீர் வெகு ஆழம். மழைத்தண்ணீரைச் சுல்தூன் என்ற பூச்சு பூசிய நிலவறைத் தொட்டிகளில் பிடித்து வைத்துத்தான் வருடம் ஓட்டினார்கள். அந்த ஊரில் வீட்டு முகப்பெல்லாம் மழைக்காரன் முகம் என்றால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வேறு சிலர் இதை உயிருள்ள மலையின் முகம் என்கிறார்கள். மாயாச் சிற்பத்தில் மலைக்கே கண்ணும் வாயும் வைக்கும் வழக்கம் உண்டு. எல்லா நீள்மூக்கு முகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு சாக் கணக்கில் எழுதுவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. கபாவைப் பொறுத்தவரை எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கிறேன்.

வெயில் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் இந்த முகம் தட்டையாக, ஒரு மாதிரி அசடாகத் தெரிகிறது. மொட்டைமாடியில் உச்சி வெயில் ஏறினால், புருவத்துக்கு அடியில் கண்குழி முழுக்க இருட்டி, கருமணி மட்டும் வெளியே துருத்தி நிற்கிறது. பல்வரிசை ஒவ்வொன்றாகப் பிரிகிறது. கோடுகளைச் சின்னதாகக் கீறாமல் இவ்வளவு ஆழமாக, முரட்டுத்தனமாகச் செதுக்கியது அந்த வெயிலுக்கு. என் புருவத்தை இன்னும் அரை அங்குலம் வெளியே தள்ளலாம். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிய காதணிகளைவிட உளித்தடம் அப்படியே விட்ட கோரைப்பல்தான் வெயிலில் நன்றாக இருக்கிறது.

இப்போதைக்குக் காலையும் மாலையும் கோணிச் சாக்கு போர்த்தி ஈரம் காத்துக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகும், உள்வரை இறுக மாதங்கள் பிடிக்கும். இதைக் கட்டிப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு இரண்டு குறிப்பு: மூக்கின் கழுந்து வெளியே நீட்டுவதைவிடக் குறையக் கூடாது, கலவையின் ஒட்டுதலை நம்பிச் சுருக்காதீர்கள், மொட்டைமாடியில் கட்டுவதாக இருந்தால் உத்திரம் எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள், ஜல்லி நிரப்பிய பிறகு நகர்த்தவே முடியாது. அடுத்து இதன் பக்கத்திலேயே உஷ்மால் பாணியில் ஒரு படிச்சுருள் கட்டம். அதற்குச் சதுரக்கல் மட்டும் போதும், வளைவே கிடையாது. மீந்த பிளாக் துண்டுகளை இப்போதே அறுக்க ஆரம்பித்துவிட்டேன்.